அவிழாத பெல்ட்

டயப்பர் மாற்றும் மேசைகளிலேயே அதுதான் பாதுகாப்பானது என்று ஜெசிந்தா தேடிப் பிடித்து வாங்கியிருந்தாள். கத்தரி ஏறாத பெல்ட். அவள் கைக்குத்தான் அவிழும். அதுவும் நாடி படபடக்காமல் இருந்தால் மட்டும். பதறிய கையிலிருந்து குழந்தை நழுவிவிடுமாம்.

இன்று மேசையில் கிடந்த மகன் திடீரென்று வீறிட்டான். ஓடிவந்து பெல்ட்டில் கை வைத்தாள்.

“பதற்றமாக இருக்கிறீர்கள், அம்மா. சற்றுப் பொறுங்கள்” என்றது மேசை.

அவன் அழ அழ அவள் நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டது.

“எங்கம்மாவோட பிரஷர் மாத்திரை பாதி போட்டுக்கோ” என்றான் கணவன் ஆரோன்.

போட்டாள். அரைமணியில் நாடி அடங்கியது. கத்திக் கத்தி மகனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. நிதானமாகக் கை வைத்தாள்.

பெல்ட் இன்னும் கொஞ்சம் இறுகியது.

“குழந்தை இப்படி அழுதும் உங்கள் நாடி துடிக்கவில்லை” என்றது மேசை. “நீங்கள் யார்?”