காலி டப்பா

"இது முட்டைச் சுருளா, பிழியாத துண்டா?" நிஷிவகி டீச்சர் சமையல் குச்சியால் ஒரு குத்து குத்தினார். தொகுனாகா அரை மணி நேரமாகப் போராடிச் சுருட்டிய முட்டை, பலகை மேல் பிரிந்து தண்ணீர் விட்டது.

மற்றவர்கள் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கினார்கள். அடுத்த அடுப்பில் ஓசுமி அம்மாளின் முட்டை கரியாகவே போயிருந்தது. அவரிடம் மட்டும், "பரவாயில்லம்மா, அடுத்த தடவை தீயைக் குறைங்க" என்று இனிக்க இனிக்கப் பேச்சு.

"போன ஜென்மத்துல அவங்க காலை மிதிச்சிருப்பீங்க சார்," என்று ஓசுமி அம்மாள் காதோரம் கிசுகிசுத்தார். தொகுனாகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சேர்ந்த நாளிலிருந்தே இந்த டீச்சருக்குத் தன் மேல் என்ன கடுப்பு என்று அவருக்கு விளங்கவேயில்லை.

ஆசைப்பட்டா வந்தார்? மனைவிக்குத் தூரத்துச் சப்போரோ கிளைக்கு மாற்றல் வந்தது, ஐம்பது வயதில் இவர் கைக்குக் கரண்டி வந்தது. பள்ளியில் கடைசி வருடம் படிக்கும் மகள் மினோரிக்கு ஏப்ரலிலிருந்து மதியச் சாப்பாடு கட்டிக் கொடுப்பது அவர்தான்.

மினோரி ஒரு நாளும் குறை சொன்னதில்லை. நன்றாக இருந்தது என்றும் சொன்னதில்லை. காலையில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள், சாயங்காலம் காலி டப்பாவைக் கொண்டுவந்து கழுவிக் கவிழ்த்து வைப்பாள்.

அந்த ஒரு வார்த்தையை அவள் வாயால் கேட்டுவிட வேண்டும் என்றுதான் மனிதர் சனிக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு, சமூகக் கூடத்து மாடியில் ஏப்ரன் கட்டிக்கொண்டு நிற்கிறார். இந்த வகுப்பைக் கண்டுபிடித்துச் சொன்னதே அவள்தான். "அப்பா, இங்க போய்க் கத்துக்கோங்களேன்" என்று அவள் சொன்னபோது, நம் மேல் இவ்வளவு அக்கறையா என்று அவருக்குக் கண்கூடக் கலங்கிவிட்டது.

"மறுபடியும் போடுங்க," என்றார் டீச்சர். "சாறு ஜாஸ்தி, தீ கம்மி. எத்தனை தடவை சொல்றது?"

சதுரச் சட்டியில் எண்ணெய் தடவி, மீன்சீவல் சாறு கலந்த முட்டையை ஊற்றினார் தொகுனாகா. முதல் மடிப்பு வந்தது. இரண்டாவது மடிப்பு கிழிந்தது.

"அவசரம்! எல்லாத்துலயும் அவசரம். கீரையைப் பிழியாம சோத்துப் பக்கத்துல அப்படியே வெச்சா, சோறு கஞ்சியாத்தானே போகும்?"

முட்டையைப் போடச் சொல்லிவிட்டுக் கீரைக்குத் தாவுகிறாரே என்று தொகுனாகாவுக்கு எரிச்சலாக வந்தது. இந்த வகுப்பில் இன்னும் கீரையைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் ஊற்றினார். அதுவும் கிழிந்தது.

"இத்தனை வாரமா என்னதான் சார் கத்துக்கிட்டீங்க? சின்னப் பிள்ளைங்க வயிறு அது. கொஞ்சமாவது பாவம் பார்க்க வேண்டாமா?"

ஆபீசில் மேலதிகாரியிடம்கூடக் குரலை உயர்த்தாத மனிதர், ஏப்ரனை அவிழ்த்து மேஜை மேல் வீசினார்.

"போதும் டீச்சர்! ஊர்ல நீங்க ஒருத்தர்தான் குறை சொல்றீங்க. என் பொண்ணு டப்பா ஒரு நாள்கூட மிச்சத்தோட வந்ததில்ல. ஒரு பருக்கை இல்லாம காலியா வருது. அதுக்கு என்ன சொல்றீங்க?"

டீச்சர் அடுப்பை அணைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு, அவரை ஜன்னல் ஓரமாகக் கூட்டிப்போனார்.

"சொல்லக் கூடாதுன்னு என் பையன் சத்தியம் வாங்கியிருக்கான். ஆனா இதுக்கு மேல என்னால முடியாது." குரல்தான் தணிந்திருந்தது, கோபம் தணியவில்லை. "காலியாத்தான் சார் வரும். சாப்பாட்டை வீணாக்கக் கூடாதுன்னு சொல்லிச் சொல்லித்தானே அவனை வளர்த்திருக்கேன்!"

"உங்க பையனா? என் டப்பாவையா?"

"பள்ளிக்கூடத்துல ரெண்டு பேரும் ஒரே வகுப்பு. உங்க பொண்ணுன்னா இவனுக்கு உயிரு. தினமும் டப்பாவை மாத்திக்கிறாங்க. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வந்தவனை உட்கார வெச்சு விசாரிச்சப்பதான் எனக்கே தெரிஞ்சுது. நானே உங்களைத் தேடி வந்து சொல்லிடலாம்னு பார்த்தா, உங்களையே இங்க அனுப்பி வெச்சுட்டாங்க ரெண்டு பேரும்."

தொகுனாகா போய் மேஜை மேல் வீசிய ஏப்ரனை எடுத்தார், என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"அப்போ... மினோரி?"

"நான் கட்டிக் கொடுக்கிறதைச் சாப்பிடுறா," என்றார் டீச்சர். "நேத்துகூட, ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொல்லி அனுப்பியிருந்தா."