பேச்சித்தாயின் காற்று

ஊர் எல்லையில் நாற்பது காற்றாலைகள் வருவதற்கு முன், ஆடி மாதத்தில் எங்கள் தபால்காரர் சைக்கிளோடு பறந்து பக்கத்து ஊரில்தான் இறங்குவார். இந்த ஆடியில் ஒரு கொசுகூடத் தள்ளாடவில்லை. கூழ்வற்றல் விற்றுப் பிழைக்கும் பேச்சித்தாய்க்கு, ஐந்து நாள் பிழிந்த வற்றல் முழுதும் காயாமல் பூசணம் பூத்துவிட்டது. ஆறாம் நாள் பிழிந்ததை நான்கு தாம்பாளங்களில் சுமந்துகொண்டு நேரே எங்கள் காற்றாலை அலுவலகத்துக்குள் வந்துவிட்டாள்.

“எங் காத்த என்ன சார் செஞ்சீய?”

பொறியாளர் துரைசிங்கம் பொறுமையாக விளக்கினார். “காத்து எறக்கையச் சுத்தும்மா. எறக்கை ஜெனரேட்டரச் சுத்தும். அதுல கரண்டு வரும். கம்பி வழியா பட்டணத்துக்குப் போவும்.”

“பட்டணத்துக்காரன் அத வச்சி என்ன செய்வான்?”

“லைட்டு போடுவான், ஃபேன் போடுவான்.”

“ஃபேன்லருந்து என்ன வரும்?”

அவர் தலைக்குமேல் ஓடிய மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். நாங்கள் கோப்புகளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டோம்.

“அப்ப எங் காத்துதான அங்க வீசுது. எடுத்துக்கிடுங்கன்னு நான் ஒரு வார்த்த சொன்னனா?”

துரைசிங்கத்தின் மேசையிலிருந்த கோப்புகளை அலமாரிமேல் தூக்கிப்போட்டு, மின்விசிறிக்கு நேர்கீழே தாம்பாளங்களை வரிசையாக வைத்தாள். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“அஞ்சுல வைங்க சார். காய நாலு நாளாவும்.”