ஒன்பது போக மிச்சம்

அச்சைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு பட்டறையின் பின்கதவை நான் நெருங்கியபோது, தம்பி ஓடிவந்து குறுக்கே நின்றான்.

பெரிய அச்சொன்றும் இல்லை. உள்ளங்கையில் அடங்குகிற ரப்பர் கட்டி, நடுவில் கீறி இரண்டாகப் பிளந்திருக்கும். அதற்குள் மெழுகை ஊற்றி எடுத்து, அந்த மெழுகை வைத்துத் தங்கத்தில் வார்த்தால் ஒரு பதக்கம். அப்படி ஒன்பது வார்த்து, முதுகில் ஒன்று முதல் ஒன்பது வரை எண் பொறித்து, ஒன்பதையும் விற்றாகிவிட்டது.

இனி அச்சை வெட்டிப் போடவேண்டும். அதுவும் வாங்கியவர்கள் கண் முன்னால். பத்தாவது வராது என்று அவர்களுக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டுமாம்.

முன் ஹாலில் எல்லாரும் கூடிவிட்டார்கள். மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, வெட்டுப் பலகையும் கத்தியும் வைத்திருக்கிறார்கள். படம் பிடிக்க ஆள்கூட வந்திருக்கிறான்.

தம்பி நவீன ஓவியன். நகை செய்வது அவன் தொழில் இல்லை. கேலரிக்காரம்மாதான், தங்கத்தில் ஏதாவது பண்ணுங்களேன் என்று விடாமல் பிடித்துக்கொண்டார். அவனும் சுண்டுவிரல் தடிமனுக்கு மெழுகில் ஒரு கட்டியை உருட்டித் தரையில் வைத்துவிட்டு, மேற்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

என் மகள் தவழ்ந்து போய் அதை எடுத்து ஒரே கடி.

அவளை நாங்கள் எலி என்றுதான் கூப்பிடுவோம். செருப்பு, சாவிக்கொத்து, அவள் அப்பாவின் மூக்கு, எதையும் விட்டுவைக்க மாட்டாள். மெழுகைப் பிடுங்கிய தம்பி திட்டத்தான் வாயெடுத்தான். அதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். அப்புறம் அவளைத் தூக்கிவைத்துக்கொண்டு அறை முழுக்க ஆடினான். மேலே இரண்டு குழி, கீழே இரண்டு குழி. அதை அப்படியே பித்தளையில் வார்த்து, அதன்மேல் ரப்பரை இறுகவைத்து அச்சு எடுத்துவிட்டான்.

கண்காட்சிப் புத்தகத்தில் அதற்குப் பெயர் ‘பசி’. மனித குலத்தின் ஆதிப் பசி என்று ஒருவர் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். பசியாவது ஒன்றாவது. பல் முளைக்கிற நேரத்து ஈறு அரிப்பு. பிள்ளை வளர்த்தவள் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள்.

வார்ப்பு வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான் எலிக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாவது பல் முளைப்பதற்குள் போய்விட்டாள்.

வீட்டில் அவள் சாமான் ஒன்றும் இல்லை. நான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவதற்குள் சட்டை, பால் பாட்டில், தொட்டில் எல்லாவற்றையும் என் வீட்டுக்காரர் யாருக்கோ கொடுத்து அனுப்பிவிட்டார். கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் நான் தேறமாட்டேனாம். நல்லதுக்குத்தான் செய்தார். அந்த நல்லது நாசமாய்ப் போக.

பித்தளையில் செய்த மூல மாதிரியை நேற்றே உருக்கிவிட்டார்கள். ஒன்பது பதக்கமும் இப்போது முன் ஹாலில் யார் யார் கழுத்திலோ தொங்குகின்றன. நாளைக்கு அவை எந்தெந்த ஊரில் இருக்குமோ.

ரப்பரை மட்டும் கொடுத்துவிடு என்று தம்பியிடம் கெஞ்சினேன். சண்டை போட்டேன். பேசாமலும் இருந்து பார்த்தேன். ஒப்பந்தம் என்கிறான். கொடுத்த வாக்கு என்கிறான். இன்றைக்குப் பின்வாங்கினால் இனி ஒருத்தரும் அவனிடம் எதையும் வாங்கமாட்டார்கள் என்கிறான். அது பொய்யும் இல்லை. கேலரிக்காரம்மா வேறு, பத்தாவதைத் திருட்டுத்தனமாக வார்த்து விற்கப்போகிறவளைப் பார்ப்பதுபோல் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்.

ஹாலை மறைத்திருந்த திரைக்கு அந்தப் பக்கம் கை தட்டிக் கூப்பிட்டார்கள்.

தம்பி என் பையைப் பிடித்தான். நான் விடவில்லை. சின்ன வயதில் மிட்டாய்க்கு அடித்துக்கொண்டதுபோல் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் பிடி தளர்ந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

“ஒன்பதும் போயிடுச்சுக்கா. உனக்குன்னு வேற ஒண்ணு, தங்கத்துலயே செஞ்சு தர்றேன். இந்த ரப்பரை வச்சுக்கிட்டு என்னக்கா பண்ணப்போற?”

சொன்னால் பைத்தியம் என்பார்கள். அந்தப் பயத்தில்தான் இதுவரை வாய் திறக்கவில்லை. இனிச் சொல்லாமல் இருந்துதான் என்ன ஆகப்போகிறது? அச்சை வெளியே எடுத்து, லேசாகப் பிளந்து அவன் பக்கம் நீட்டினேன்.

“உள்ள விரலை விடு.”

எரிச்சலோடுதான் விட்டான். நான் இரண்டு பாதியையும் சேர்த்து அழுத்தினேன்.

அவன் முகம் மாறியது.

தங்கத்தில் இருப்பது குழி, பித்தளை மாதிரியில் இருந்ததும் குழி. அந்தக் குழிக்குள் புகுந்து இறுகியது ரப்பர். அதனால் அச்சுக்குள் இருப்பது பல். மேலே இரண்டு, கீழே இரண்டு. கீழே இடது பக்கத்துப் பல் கொஞ்சம் உள்வாங்கியிருக்கும்.

ஹாலில் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கேலரிக்காரம்மா திரையை விலக்கி, எல்லாம் தயார் என்று சைகை காட்டினார்.

தம்பி மெதுவாக விரலை உருவினான். அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, கடித்த தடம் இருக்கிறதா என்று தேடினான்.

பதியாது. நானும் காலையிலிருந்து பார்த்துவிட்டேன்.