சண்டை மீனுக்குத் துணை

மீன்காரி தேசம்மா சுவாமிநாதய்யர் வீட்டுக் கொல்லைக் கதவைத் தட்டினால் மயிலாப்பூர் சும்மா இருக்குமா? எதிர்வீட்டு ரகுபதி மூக்கைப் பொத்திக்கொண்டு சந்துக்குள்ளேயே வந்துவிட்டார்.

"என்ன ஓய், கலி முத்திடுத்தா? பிராமணன் ஆத்துல மீன்காரியா?"

"சமைக்க இல்லை ஓய், வளர்க்க," என்றார் சுவாமிநாதய்யர்.

அவர் கோர்ட்டு குமாஸ்தா. கப்பல் கம்பெனி சிநேகிதர் ஒருவர் சயாம் தேசத்துச் சண்டை மீன் ஒன்றை அவருக்குக் கொடுத்திருந்தார். நீலப் பட்டுப் போன்ற வாலை விரித்துக்கொண்டு கண்ணாடி ஜாடியில் அது ஒண்டியாகச் சுற்றி வந்தது. ஐயருக்கு மனசு கேட்கவில்லை. அதற்குத் துணை தேட ஆரம்பித்தார்.

முதலில் விட்ட கெண்டைக் குஞ்சு விடிவதற்குள் செத்து மிதந்தது. அடுத்து மூர் மார்க்கெட்டிலிருந்து ஒரு தங்க மீன் வந்தது. அதன் வால் நார் நாராகக் கிழிந்ததும் பதறிப்போய் எடுத்து, மண்சட்டியில் தனியாக விட்டு, ஒரு சிட்டிகை கல்லுப்பும் போட்டு வைத்தார். அன்றைக்குக் கோர்ட்டுக்கே போகவில்லை.

"ஊர் சிரிக்கிறது ஓய்," என்றார் ரகுபதி.

"சிரிக்கட்டுமே! ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அதுக்குப் பயந்து ஒரு உசிரைச் சாக விடுவேனா?"

ரகுபதி திரும்பி நடந்தார். ஆனாலும் சும்மா போகவில்லை. "ஆமாம், ஆடிக்கு வந்த பொண்ணை இன்னும் கொண்டுபோய் விடலையாக்கும்?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

அந்தப் பெண் செண்பகம், சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். தை மாதம் கல்யாணம் ஆயிற்று. மாம்பலத்தில் மச்சு வீடு, புருஷனுக்கு நல்ல உத்தியோகம், ஜாதகப் பொருத்தமோ ஜோசியரே மெச்சிய பொருத்தம். காப்பி ஆறிப் போயிற்று என்று அவன் வீசிய பித்தளைச் செம்பு அவள் நெற்றியோரத்தைக் கிழித்துத் தழும்பாக்கியிருந்தது. ஆடி போய் ஆவணியும் பிறந்தாயிற்று. சாயங்காலம் ஜட்காவுக்குச் சொல்லியிருந்தார்கள். போகமாட்டேன் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

தேசம்மா கலயத்தை இறக்கினாள்.

"இத்தப் பாரு சாமி, ஏரி அயிரை. உன் மீனு கூட ஒத்துப்போவும்."

"எப்படிச் சொல்றே?"

"தரையோட தரையா கெடக்கும் சாமி. அது வந்து கட்ச்சாலும் ஏன்னு கேக்காது. ஒரு மூலையில மூஞ்சப் பொத்திக்கினு கம்முனு கெடக்கும்."

சுவாமிநாதய்யருக்குக் கோபம் வந்துவிட்டது.

"கடி வாங்கிண்டு கம்முனு கிடக்கறதுக்குப் பேர் ஒத்துப்போறதா? நன்னாருக்கே! கடிக்கிற குணம்னு தெரிஞ்சும் பக்கத்துல இன்னொரு உசிரை விட்டா, அந்தப் பாவம் கடிச்சதுக்கு இல்லை, விட்டவனுக்குத்தான். எடுத்துண்டு போ. பிடிச்ச ஏரியிலேயே விட்டுடு."

"அப்போ இந்தத் தங்க மீனு? வாலு வளந்ததும் ஜாடியில திரும்ப உடுவியா?"

"என் உசிர் இருக்கறவரைக்கும் மாட்டேன். இப்படியே இருந்துட்டுப் போகட்டும். தின்னே தீர்த்துடப் போறதா என்ன?"

கதவுக்குப் பின்னால் செண்பகத்தின் காதில் இது விழுந்தது. தன்னையறியாமல் கொல்லைப்பக்கம் வந்துவிட்டாள்.

"இன்னா பாப்பா, நெத்தியில?" என்றாள் தேசம்மா.

"கிணத்தடியில வழுக்கி விழுந்துட்டா," என்று செண்பகத்தின் அம்மா உள்ளேயிருந்து முந்திக்கொண்டாள்.

தேசம்மா செண்பகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கலயத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஐயர் சட்டிக்குள் பொரியை நுணுக்கித் தூவிக்கொண்டிருந்தார்.

"அப்பா..."

"என்னம்மா?"

"நானும் இங்கேயே இருந்துடறேன்ப்பா. என்னை அனுப்பாதேங்கோ. ஒரு வேளை சாதம் போட்டாப் போறும்."

தூவிய கை நின்றுவிட்டது. மகளின் நெற்றியைப் பார்த்தார். கண் கலங்கியது. பொய் சொல்லக்கூடாது, நிஜமாகவே கலங்கியது. இதோ சொல்லிவிடப் போகிறார் என்று அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் சந்தின் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ரகுபதி கேட்டுட்டுப் போனது காதுல விழலையா? புருஷன் ஆத்துல வாழாத பொண்ணுன்னு பேர் வந்துட்டா நான் தெருவுல தலைகாட்ட முடியுமா? ஊர் வாயை மூட உலைமூடி ஏதம்மா?"

வாசலில் ஜட்கா வந்து நின்றது.

செண்பகம் திரும்பி வாசலுக்கு நடந்தாள். டிரங்குப் பெட்டியைத் தானே தூக்கி வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். எதிர்வீட்டு வாசலில் ரகுபதி திருப்தியாகத் தலையை ஆட்டினார்.

ஐயர் வண்டியருகே ஓடி வந்து, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, பாசம் பொங்கச் சொன்னார்:

"மாப்பிள்ளை கையை ஓங்கினா ஏன்னு கேட்காதே, என் கண்ணே. ஒரு மூலையில கம்முனு இருந்துடு. எல்லாம் ஒத்துப்போயிடும்."