ஆகாயத்தில் அடைத்த காது

சென்னையிலிருந்து நேற்று விமானத்தில் வந்திறங்கிய நஞ்சுண்டன், இன்னும் கட்டிலை விட்டு எழுந்தபாடில்லை. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த கிருபாசங்கர், ஹார்லிக்ஸும் ஆரஞ்சுமாக உடம்பு விசாரிக்க வந்துவிட்டார்.

“ஏனுங்க, ஒரு மணி நேரத்துக்கேவா இப்படி?”

“ஆகாசத்துல ஒரு மணி நேரமுங்க! காது ரெண்டும் அடைச்சுப்போச்சு, காலு வீங்கிப்போச்சு, தொண்டை வறண்டுபோச்சு. இதெல்லாம் எல்லா உடம்பும் தாங்காதுங்க.”

மருமகள் லோகப்பிரியா அவர் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். தொண்டைக்கு மிளகு ரசம் வைத்தாள். வந்தவருக்குக் காபி கலந்து நீட்டினாள்.

“இந்தப் பிளைட்டுத் தொல்லையெல்லாம் உனக்கு இல்ல அம்மணி, குடுத்து வெச்சவ” என்றார் கிருபாசங்கர்.

அவள் சிரித்துவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது வெள்ளைச் சட்டை, தோளில் தங்கப்பட்டைகள், கையில் இழுவைப் பெட்டி.

“எங்க அம்மணி பொறப்பட்டுட்ட?”

“டூட்டிக்குங்க. நேத்து மாமா வந்த பிளைட்டை நாந்தானுங்க ஓட்டீட்டு வந்தேன். இன்னைக்குத் திரும்பவும் ஓட்டோணும்.”

கிருபாசங்கர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். நஞ்சுண்டன் மட்டும் அசரவில்லை.

“போறதுதான் போற, அந்தக் காபி டம்ளரைக் கழுவி வெச்சுப்போட்டுப் போ கண்ணு.”