சொல்லாமல் வரும் தேர்வு

மூன்றேகால் மணிக்கு, அவளோடு சேர்ந்து நாடகம் எழுதிய வகுப்புத் தோழன் நெட்டையன், கல்லூரி கேண்டீனில் அவள் மேஜைமேல் ஒரு தாளை வைத்தான். அவளுடைய டீ கிளாஸை நகர்த்திவிட்டு, பேனாவைத் திறந்து பக்கத்தில் வைத்தான்.

"நம்ம நாடகத்தை ஒரு சினிமா கம்பெனி எடுத்துக்கிட்டாங்க. உன் வேஷத்தை அவங்க ஹீரோயின் பண்றாங்க. எழுதினது நான் மட்டும்தான்னு நீ எழுதிக் குடுக்கணுமாம். குடுத்துட்டா அப்புறம் நீ அந்த நாடகத்தைத் தொட முடியாது."

மூலை மேஜையில் நடிப்பு வாத்தியார் முகத்தை மறைத்துச் செய்தித்தாள் பிடித்திருந்தார். பத்து நிமிடமாக ஒரு பக்கமும் புரளவில்லை. அவளுக்குப் பொறி தட்டியது. தேர்வு தொடங்கிவிட்டது.

கடைசி ஆண்டுத் தேர்வை அவர் இப்படித்தான் நடத்துவார். எந்த நாள், எந்த இடம், எதிரில் நடிப்பது யார், எதுவும் சொல்லமாட்டார். நடுவில் "இது தேர்வா?" என்று கேட்டால் பூஜ்யம். ஒரு மாதமாக வகுப்பே தபால்காரரைக்கூடச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தது.

பொல்லாத மனிதர், எங்கே குத்தினால் வலிக்கும் என்று தெரிந்துதான் குத்துகிறார். அந்த நாடகம் அவள் பெரியம்மாவின் கதை. முப்பது வருடம் ரயில் நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து டிக்கெட் கொடுத்தவர். ஊரே பயணம் போனது, அவர் போகவில்லை. பெரியம்மாவை மேடையில் நிறுத்தத்தான் அவள் நடிக்கவே வந்தாள். ஜன்னல் துளைக்குக் குனியும் அந்தக் கழுத்துக்கு மட்டும் ஒரு வருடம் உழைத்திருந்தாள்.

"எப்படா முடிவு பண்ணின?"

"ரெண்டு மாசமாச்சு."

"ரெண்டு மாசமா என்கூட ஒத்திகை பார்த்தியேடா."

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அவன் குரல் உடைந்தது. காது மடல் சிவந்தது. மரக்கட்டை என்று மூன்று வருடமாகத் திட்டு வாங்கியவன் இன்று என்னமாய்ச் செய்கிறான்! அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இனி அவள் முறை. வேறு யாராவது என்றால் கத்துவார்கள், டீயை மூஞ்சியில் ஊற்றுவார்கள். "முதல்ல தோணுறதைத் தூக்கிப் போடு, அது எல்லாருக்கும் தோணும்" என்பார் வாத்தியார்.

அவள் சிரித்தாள். பேனாவை எடுத்தாள்.

"பெரியம்மாவைப் பத்திரமாப் பார்த்துக்கச் சொல்லு உன் ஹீரோயினை. அவங்க சத்தமாப் பேசமாட்டாங்க. அழவும் மாட்டாங்க."

"ஏய், ரெண்டு திட்டாவது திட்டுடீ."

"எதுக்குடா? ஒருத்தருக்காவது வண்டி கிடைச்சுதே. ஏறிப் போ."

கையெழுத்துப் போட்டாள். கீழே தேதியும் போட்டாள். அவன் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. நிமிர்த்தாமலே போனான். அதைக்கூட அவள் ரசித்தாள்.

வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்டது. காட்சி முடிந்தால் உடனே கலையக்கூடாது என்பது வகுப்புப் பாடம். அவள் சிரிப்பு மாறாமல் இருபது வரை எண்ணிவிட்டு, மூலை மேஜைக்குப் போய்ச் செய்தித்தாளை விரலால் தட்டினாள்.

வாத்தியார் திடுக்கிட்டு விழித்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"முடிஞ்சிடுச்சுல்ல சார், இப்பக் கேட்கலாமே. எவ்வளவு மார்க்?"

"எண்பத்தெட்டு" என்றார் கொட்டாவியோடு.

அவளுக்கு மூச்சு வந்தது. எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அது சரி" என்றார் அவர், செய்தித்தாளை மடித்தபடி. "போன வாரம் பஸ்ல உன் தோள்ல சாஞ்சு அழுத அம்மா நம்ம பழைய மாணவின்னு, அதுதான் உன் தேர்வுன்னு உனக்கு யாரும்மா சொன்னாங்க?"