நாலு காலமும் நல்ல காலம்

விற்றுவிடலாம், விற்றுவிடலாம் என்று வருடக்கணக்காக நச்சரித்தது அவள்தான்.

ஊரைவிட்டுத் தள்ளி, ஏரிக்கரைச் சரிவில் ஆறு சொகுசுக் கூடாரங்கள். வெளியே பார்த்தால் துணி. உள்ளே கட்டில், மெத்தை, கம்பளம், கண்ணாடி பதித்த அலமாரி. நகரத்துக்காரர்கள் வந்து தங்கி, காற்று வாங்கிவிட்டு, படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அவளும் கணவரும்தான் நடத்துகிறார்கள்.

ஒருவழியாக இப்போது வாங்க ஆள் வந்தாயிற்று. வங்கி வேலையை விட்டுவிட்டு நிம்மதியாக வாழ ஆசைப்படும் ஒருவர், தன் மனைவியோடு. மழைக்காலத்துக்கு முன் கைமாற்றிவிட வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் அந்தப் பக்கம் ஒருவரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள். மேற்கே ஏற்கெனவே கறுத்துக்கொண்டிருந்தது.

அவள் கணவரை உறவுக்காரர்கள் 'பம்பரம்' என்பார்கள். நின்ற இடத்தில் நிற்க மாட்டார். அன்று காலையிலிருந்து வாசலுக்கும் சரிவுக்குமாக நடையாய் நடந்துகொண்டிருந்தார். வானத்தைப் பார்ப்பார், கைபேசியைப் பார்ப்பார், மறுபடி வானம்.

"நீ வாயைத் திறக்காதே. எல்லாம் நான் பேசிக்கிறேன்."

"நான் எதுக்குப் பேசறேன்? இந்தச் சேத்தைவிட்டுக் காலை எடுத்தாப் போதும் எனக்கு."

அவர்கள் வந்து இறங்கியதும் பம்பரம் நன்றாகவே பேசினார். வெயில் காலத்தில் ஏரிக்காற்று விசிறிவிடுமாம். காற்றுக்காலத்தில் கூடாரமே தொட்டிலாக ஆடுமாம். மழைக்காலத்தில் துணிக்கூரையில் துளி விழுகிற சத்தம் தாலாட்டு மாதிரி இருக்குமாம். பனிக்காலத்திலோ மேகமே வாசலுக்கு வந்து நலம் விசாரிக்குமாம்.

"நாலு காலமும் நல்ல காலம் சார்."

வங்கிக்காரர் சொக்கிப்போனார். எந்தக் கூடாரத்துக்கு முன்னால் தன் சாய்வு நாற்காலியைப் போடலாம் என்பதுவரை யோசித்துவிட்டார்.

ஆண்கள் இருவரும் ஏரியைப் பார்க்க இறங்கினார்கள். வங்கிக்காரரின் மனைவியை இவள் கூட்டிப்போய் ஒவ்வொரு கூடாரமாகக் காட்டினாள்.

திரும்பி வந்து நால்வரும் தேநீர் மேசையில் உட்கார்ந்தார்கள். ஒப்பந்தத்தை என்றைக்கு எழுதலாம் என்று பம்பரம் ஆரம்பித்தார். அப்போதுதான் அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"சார், இவர் சொன்னது பாதி. மீதியை நான் சொல்லிடறேன்."

பம்பரம் சிரித்தார். பிறகு இருமினார். பிறகு மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தார். அவள் காலை நகர்த்திக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தாள்.

மழைக்காலத்தில் மெத்தை எல்லாவற்றையும் தூக்கிவந்து வீட்டுக்குள் அடுக்க வேண்டும். அப்புறம் மனிதர்கள் படுக்க இடமிருக்காது. துணிச்சுவரில் பூஞ்சை ஏறும். பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டே போனால், கடைசிக் கூடாரத்தை முடிக்கும்போது முதல் கூடாரம் மறுபடி பச்சையாக நிற்கும். பனிக்காலத்தில் குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியாது. அடுப்படியிலிருந்து வெந்நீரை வாளி வாளியாகச் சரிவில் சுமக்க வேண்டும். காற்றுக்காலம் வந்தால் கயிறும் கையுமாகத்தான் சாப்பாடு. வெயில் காலத்தைக் கேட்கவே வேண்டாம். பகலில் உள்ளே இருக்க முடியாமல் விருந்தாளிகள் எல்லோரும் சமையலறைக்கு வந்து உட்கார்ந்து, காற்று எப்போது வரும் என்று கேட்பார்கள்.

ஒவ்வொரு காலத்துக்கும் வங்கிக்காரரின் முகம் ஒரு படி இறங்கியது.

"அப்போ ஓய்வு எந்தக் காலத்துல?" என்று கேட்டார்.

"வாங்கறதுக்கு முந்தின நாள் வரைக்கும் சார்."

அவர் மரியாதைக்குச் சிரித்துவைத்தார். யோசித்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னார். அவர் கூப்பிடப் போவதில்லை என்று மேசைக்கே தெரிந்திருக்கும். காரில் ஏறும்போது அவர் மனைவி மட்டும் இவள் கையைப் பிடித்து ஒரு நிமிடம் நின்றாள்.

கார் திரும்பியதும் பம்பரம் சுழல ஆரம்பித்தார். விற்கணும் விற்கணும் என்று உயிரை எடுத்தது யார்? ஆள் தேடி இத்தனை நாளாக அலைந்தது யார்? வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்த கதையாக ஆகிவிட்டதே. உள்ளதைச் சொல்ல இதுதான் நேரமா? இல்லை, இந்த இடத்தின் மேல் திடீரென்று ஆசை வந்துவிட்டதா?

"ஆசையா?" என்றாள் அவள். "நாளைக்கே ஒருத்தர் வந்து வாங்கினா, நாளைக்கே கிளம்பறேன்."

சரிவில் முதல் காற்று ஏறியது. கூடாரத் துணி படபடத்தது. அவள் எழுந்துபோய், தளர்ந்திருந்த கயிறுகளை முளையில் இழுத்துக் கட்ட ஆரம்பித்தாள். அவர் திட்டிக்கொண்டே பின்னால் வந்தார். அவள் அடுத்த முளைக்குப் போனாள். அவரும் அடுத்த முளைக்குப் போய்த் திட்டினார்.

கடைசியில் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. "தனியாக் கூட்டிப் போனியே, அந்தம்மா ஏதாவது குறை சொன்னாங்களா?"

"ஒரு குறையும் சொல்லலை. எல்லாம் அழகா இருக்குன்னாங்க. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க."

"என்ன கேள்வி?"

"'இந்த வேலையெல்லாம் யாரு செய்வாங்கக்கா?'ன்னு."

"இதுல என்ன இருக்கு? ஏதாவது சொல்லிச் சமாளிச்சிருக்கலாமே."

"நாம இதை வாங்க வந்தப்போ, நமக்கு வித்தவரோட வீட்டம்மாகிட்ட நானும் இதையேதான் கேட்டேன்."

பம்பரம் நின்றார். "அவங்க என்ன சொன்னாங்க?"

அவள் முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க: 'எல்லாத்தையும் உங்க வீட்டுக்காரரே பாத்துப்பாரும்மா.'"